முப்பத்தொன்பது டெசிபெல்

கம்ப்யூட்டருக்கு ஃபேன் வாங்கப் போகிறவர்கள் அதில் எரியும் கலர் விளக்குகளைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்தான்: எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது, எவ்வளவு சத்தம் போடுகிறது. ஃபேன் பற்றி நீங்களே கேட்டதால் சொல்கிறேன் ஐயா. அவசரமில்லை என்றால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருகிறவன். நாள் முழுக்க அது கொதிக்கும். பக்கத்து அறையில் அண்ணன். பக்கவாதம் வந்து மூன்று வருடம், படுத்த படுக்கை. மெலிந்த குரல் மட்டும் மிச்சமிருந்தது. தொண்டையில் சளி சேரத் தொடங்கினால் கூப்பிடுவார். உடனே போய்த் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்ட வேண்டும். தாமதித்தால் மூச்சு அடைத்துவிடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். தண்ணீருக்கும் கூப்பிடுவார், ஈ மொய்த்தாலும் கூப்பிடுவார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். நாற்பத்தாறு வயதிலும் நான் அவருக்குச் ‘சுண்டு’தான். மூன்று வருடம் விழுந்தடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், அக்காவைக் கேட்டுப் பாருங்கள். அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

பழைய ஃபேன்கள் கரகரக்க ஆரம்பித்ததும், சத்தமே போடாத ரகமாக வாங்கி மாட்டினேன். அது தப்பாகிவிட்டது. வீடு அமைதியாகி, அண்ணன் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. கூப்பிடப் போகிறார் என்று அவர் மூச்சு மாறுவதும் கேட்டது. ஒரு வாரம் வேலையே ஓடவில்லை.

அப்போதுதான் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். “சுண்டு, கொஞ்சம் தண்ணி குடுடா,” என்றார். முப்பத்து நான்கு டெசிபெல். ஒரு தடவை அளந்தால் கணக்குச் சரியாக வராது. ஐந்து தடவை கூப்பிடும்வரை அளந்தேன். கடைசித் தடவை முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. அப்புறம் தண்ணீர் கொடுத்தேன்.

வாங்கிய ஃபேன்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

“எல்லாரும் சத்தம் கம்மியா இருக்கணும்னுதான் கேப்பாங்க. நீங்க என்ன சார், தலைகீழா கேக்குறீங்க?” என்றார் கடைக்காரர்.

“காத்து நல்லா வரணும்ங்க.”

“அதுவும் சரிதான். பெட்டிக்கு மூச்சு முட்டக் கூடாது பாருங்க.”

மூன்று ஃபேன்கள். என் நாற்காலியில் அளந்தால் முப்பத்தொன்பது. வேலை குறைந்தால் வேகம் தானாகக் குறையும். அதை மாற்றி, எப்போதும் முழு வேகத்தில் சுற்றவும், கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே ஓடத் தொடங்கவும் வைத்தேன். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மணி பார்த்துப் போய்வந்தேன். இடையில் கூப்பிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒருவன் எப்படிப் பொறுப்பாவான்?

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. ஃபேன்கள் நின்றன. “சுண்டு,” என்று கேட்டது. தண்ணீருக்குக் கூப்பிடும் குரலுக்கும் சளிக்குக் கூப்பிடும் குரலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமலா போகும்? எழுந்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் கரண்ட் இதோ வந்துவிடும், வந்தால் கேட்காது என்று தோன்றியது. மௌஸில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நான்கு தடவை கூப்பிட்டார். ஐந்தாவது தடவை பெயர் பாதியில் நின்றது.

மத்தியானம் அக்கா வந்து கதறினாள். “உனக்குக் கேக்கவே இல்லையாடா?”

“ஃபேன் சத்தம்க்கா.”

அவள் கம்ப்யூட்டர் பெட்டியை ஓங்கி அறைந்தாள். “இந்தச் சனியன் போடுற சத்தத்துல உனக்கு எங்கடா கேக்கும்,” என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லாவிட்டால் நானாக ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நீங்கள் சொல்வது சரிதான். கேட்டது, போகவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள் ஐயா. ஏழே நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது, ஃபேன்கள் மூன்றும் சுற்றின. அதற்குப் பிறகு அவர் எத்தனை தடவை கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.