மாப்பிள்ளை வண்டியின் முன் சக்கரம்

பழைய மோட்டார் சைக்கிளில் முன் சக்கரம் ஆடினால் எல்லோரும் டயரைத்தான் குறை சொல்வார்கள், சார். டயர் பாவம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் பேரிங்தான் தேய்ந்திருக்கும். ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தாலே தெரிந்துவிடும்.

மாரீஸ்வரன் வண்டியும் அப்படித்தான் ஆடியது. அவன் என் ஒரே மகள் அமுதவள்ளியின் புருஷன். மலைக்கு மேலே, கேரளத்துப் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் வேலை. நான் ஓட்டிப் பழசான வண்டியைத்தான் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டான்.

தலைப்பிரசவத்துக்கு மகள் போடிக்கு வந்தாள். பெண் குழந்தை. என் மனைவி போன பிறகு வீட்டில் ஒழுங்காக அடுப்பு எரிந்ததே அப்போதுதான். என் மெக்கானிக் பட்டறையைச் சாத்திவிட்டுத் தெருவில் திரும்பும்போதே பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே மெதுவாக நடப்பேன்.

ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். "மேல பனி கொட்டுது, தை கழியட்டும்" என்றேன். தை கழிந்தது. "ஊசியெல்லாம் போட்டு முடியட்டும்" என்றேன். அவன் அதற்கும் தலையாட்டினான். நல்ல பையன். அதை நான் மறுக்கவே இல்லை.

கடைசியாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவன், "அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு இங்கனயே ஜீப்பு சொல்லிட்டேன் மாமா. நான் எறங்கி வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

மகள் சிரித்தாள். "இனிமே என்ன சாக்கு சொல்லுவீக அப்பா? இவரு பிள்ளைய இப்பவே மலையாளத்துல 'மோளே'ங்கிறாரு. மலைக்குப் போனா அது உங்கள தாத்தான்னு சொல்லாம 'அப்பூப்பா'ன்னுதான் கூப்பிடப்போகுது, பாத்துக்கங்க."

நானும் சிரித்தேன். பிறகு வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

சக்கரத்துக்குள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு பேரிங். இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புக் குழாய் உண்டு. அச்சை முறுக்கும்போது பேரிங்குகள் நசுங்காமல் தாங்குவது அதுதான். புது பேரிங் அடித்தேன். நல்ல சரக்கு. கிரீஸும் வைத்தேன். குழாயை மட்டும் உள்ளே போடவில்லை. அச்சை நன்றாக இறுக்கினேன்.

அப்போது யாரையும் சாகடிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அன்று ஏறிப் போகத் தாங்கும், ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும்போது வண்டி மக்கர் பண்ணும், அவன் வரவு தள்ளிப்போகும், அவ்வளவுதான். போடிமெட்டிலிருந்து இறங்கும் நம் ஆட்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிடுவார்கள். சரிவு இழுக்க, பிரேக்கை நம்பி வருவார்கள். தப்புதான், நீங்களே எத்தனை பேரைப் பிடித்திருப்பீர்கள். ஆனால் எஞ்சின் ஓடாததால் பேரிங் முனகினாலும் காதில் விழும். விழுந்ததும் ஓரம் கட்டுவான் என்று நினைத்தேன்.

நினைத்தபடியே ஓரம் கட்டினான். எனக்குப் போன் செய்தான்.

"மாமா, மெட்டு தாண்டி எறங்கிட்டேன். முன்னால கரகரன்னு ஒரு சத்தம். சக்கரத்தத் தொட்டா சுடுது. வண்டிய இங்கனயே போட்டுட்டு, எஸ்டேட் ஜீப்பு எதுலயாச்சும் தொத்திக்கிட்டு வந்துறவா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. வண்டி நின்றால் அவனும் நிற்பான் என்றே இருந்துவிட்டேன். உள்ளே அமுதவள்ளி பிள்ளையின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். பை நிறைந்து, மேலே உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். 

"புது பேரிங் அப்பிடித்தான் மாப்ளே கத்தும். ஓட ஓட அமுங்கிரும். வண்டியப் போட்டுட்டு வந்தா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். பயப்படாம வெரசா வாங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி மாமா."

அடுத்த வளைவிலேயே சக்கரம் பூட்டிக்கொண்டது. அவன் விழுந்த பள்ளத்தை நீங்கள் இறங்கிப் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை.

நான் போனில் சொன்னதை மகள் கேட்டிருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, உங்களிடம் வந்து சொல்லிவிட்டாள். நீங்கள் சக்கரத்தைப் பிரித்தீர்கள், குழாய் இல்லை. ஆமாம் சார், மாரீஸ்வரனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஓர் உதவி. வெளியே பெஞ்சில் அமுதவள்ளி பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். சரி, விடுங்கள். வீட்டுச் சாவியை மட்டும் அவளிடம் கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளைக்கும் அப்பா அம்மா என்று யாரும் கிடையாது. இனி என் மகள் வேறு எங்கே போவாள்?