நகரச் சொன்னேன்

மதிய ஷிப்ட் என்றாலே எனக்குத் தலை வலிக்கும், இன்ஸ்பெக்டர் துவான். குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கூசவைக்கும். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. அன்று எப்படி இருந்தாய் என்று கேட்டீர்கள். அலுப்பாக இருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, இடித்த லாரி ஓரமாக நின்றிருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த சுகுமாரன் சாலையில் கிடந்தார். வீடு சிலிபினில். தொழிற்சாலை வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். தொடையில் ஆழமான வெட்டு. எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நஜீமா மண்டியிட்டு, துணியை மடித்து வைத்து இரண்டு கையாலும் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம், கையில் போன்.

நகரச் சொன்னேன். கூட்டம் நகர்ந்தது. நஜீமா நகரவில்லை.

"கைய எடுத்தா ரத்தம் ஊத்தும்ண்ணே. ஆம்புலன்ஸ் வரட்டும்லா."

"போலீஸ் சொன்னா கேக்கணும்."

"நீங்க ரோட்ட பாருங்க. இவர நான் பாத்துக்கிறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எனக்குச் சட்டம் தெரியும். வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லலாம். வழியை மறிப்பவரை அகற்றலாம். காயம்பட்டவருக்கு உதவுகிறவரை அப்படி இழுத்துவிட எனக்கு அதிகாரமில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் எதையும் மறிக்கவுமில்லை. ஒரு பக்கமாக வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஆனால் அத்தனை பேர் பார்க்க ஒரு கடைக்காரியின் பேச்சு எடுபட்டு, என் பேச்சு எடுபடாமல் போனால், மறுநாள் அந்தச் சாலையில் நான் எப்படி நிற்பது?

சுகுமாரனுக்கு நினைவு இருந்தது. "அண்ணே, அக்கா இருக்கட்டும்ண்ணே" என்றார். மெல்லத்தான் சொன்னார். காதில் விழவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய்.

நஜீமாவின் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினேன். மறுபடியும் கையை வைக்கப் போனார். விலங்கு மாட்டி ரோந்து வண்டியின் கதவோடு பூட்டினேன். "யாராச்சும் வந்து அமுக்குங்க" என்று கத்தினார். ஒருவர் முன்னே வந்தார். அவரைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டார்.

நானே அழுத்தியிருக்கலாம். என் கை சும்மாதான் இருந்தது. அழுத்தியிருந்தால் நஜீமா சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும்.

செத்துப்போவார் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். துணி நனைந்து தாரில் ரத்தம் ஓடியதை நின்று பார்த்தேன். சுகுமாரனின் மனைவி தினேஸ்வரியும் ஆஸ்பத்திரி வாசலில் இதையேதான் கேட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நஜீமா கடமைக்கு இடைஞ்சல் செய்ததாக நான் கொடுத்த புகாரை நீக்கிவிடுங்கள். சுகுமாரனைச் சாகவிட்டது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், துவான். ஆம்புலன்ஸ் வந்தபோது சாலை காலியாக இருந்தது. ஒரு ஆள்கூடக் குறுக்கே நிற்கவில்லை.