ஆய்வு நாளுக்குக் கூட்டிப்போன மாமியார்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றைக் காவல் நிலைய எழுத்தர் முதல் தாளில் எழுதிக்கொண்டுவிட்டார். வயது நாற்பத்தொன்று. நகராட்சி நடத்தும் முதியோர் பகல்நேர மையத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். தற்காலிகப் பணிதான், வருடா வருடம் நீட்டித்துக் கொடுப்பார்கள். காணாமல் போயிருப்பவர் என் கணவரைப் பெற்ற தாயார். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், பயத்தில் இன்னும் நீளும். அய்யா பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

எங்கள் மையத்துக்குத் தலைக்கணக்குப் பார்த்துத்தான் மானியம் வரும். வருடத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, பெயர் வாசித்து, நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் போவார். நாற்காலிகள் காலியாக இருந்தால், பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு எங்களைச் சேர்த்துவிடப் போவதாகப் போன மாதமே பேச்சு அடிபட்டது. அந்தச் சாலையை நானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன், கைத்தடி ஊன்றி வருகிறவர்கள் எப்படிக் கடப்பார்கள்? இந்த வாரம் முழுக்க மழை என்பதால் பாதிப் பேர் மையத்துக்கு வரவில்லை. இன்று ஆய்வு என்று நேற்று சாயங்காலம்தான் தகவல் வந்தது. அதன் பிறகு மேற்பார்வையாளர் எங்களைக் கூப்பிட்டு, "ஆளுக்கு ஒரு பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க. அக்கம்பக்கமோ சொந்தமோ, யாரா இருந்தாலும் சரி, நாற்காலி நிறையணும்" என்றார்.

என் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். பணியாளர் குடும்பத்தாருக்கு மையத்தில் இடம் கிடையாது என்பது விதி. அதனால் ஊரார் பெற்றவர்களுக்கு நான் சோறு பரிமாறும் நேரத்தில், என் மாமியார் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் சரியில்லை. சாப்பிட்டோமா இல்லையா என்பதே மறந்துவிடும். காலையில் இஸ்திரி போட்ட உடையை உடுத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, "என்னையும் வேலைக்குச் சேத்துட்டாங்களா? சம்பளம் உன் கையிலயா, என் கையிலயா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மையத்தில் எல்லோரும் கழுத்தில் ஓர் அட்டை மாட்டியிருப்பார்கள். அதில் பெயரும் விலாசமும் இருக்கும், போட்டோ இருக்காது. மையத்தில் இருக்கும் மாற்று அட்டைகளில் வராதவர்களுடையதை எடுத்து, நாங்கள் கூட்டி வந்தவர்களின் கழுத்தில் மேற்பார்வையாளர் மாட்டினார். மாமியாருக்கு என்று நேற்றே ஒதுக்கி வைத்து மாட்டியது டீச்சரம்மா என்று நாங்கள் கூப்பிடும் உறுப்பினரின் அட்டை. அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதன் பிறகு அதிகாரி வந்து பெயர்களை வாசித்தார். அந்த உறுப்பினரின் முறை வந்ததும் நான் 'டீச்சரம்மா' என்று எடுத்துக் கொடுக்க, மாமியார் கையைத் தூக்கினார். ஒரு குறையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தோம். அதன் பிறகு சமையலறையைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால், மேற்பார்வையாளர் என்னையும் கூட வரச் சொன்னார். "நான் வர்ற வரைக்கும் இந்த இடத்த விட்டு அசையாதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த நேரத்தில் மையத்தின் வேன் வந்துவிட்டது. முன்பெல்லாம் வேனில் ஓர் அம்மாள் கூடவே போய், ஒவ்வொருவரையும் வீட்டு வாசல் வரை கைப்பிடித்து விடுவார். நிதி இல்லை என்று இந்த வருடம் அந்த வேலையை எடுத்துவிட்டார்கள். ஓட்டுநரும் புதியவர், முகம் தெரியாது. கழுத்தில் இருக்கும் அட்டையைப் பார்த்து, அந்த விலாசத்தில் இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதைத்தான் அவர் செய்தார். நான் திரும்பி வந்தபோது நாற்காலியில் ஆள் இல்லை. ஓட்டுநருக்குப் போன் போட்டேன். "அவங்களதான் கடைசியா எறக்கினேன்க்கா. கார்டுல இருந்த வீடுதான். கேட்டத் தொறந்து உள்ள போனாங்க, டாட்டா கூட காட்டினாங்க" என்றார்.

அதன் பிறகு அங்கே ஓடினேன். அது தெருவின் கடைசி வீடு. பின்னால் பெரிய மழைநீர்க் கால்வாய், கரையில் தடுப்பு எதுவும் கிடையாது. வீட்டில் பூட்டுத் தொங்கியது. படிக்கட்டில் இரண்டு பிஸ்கட் காகிதத்தில் மடித்து வைத்திருந்தது. எதைக் கொடுத்தாலும் என் மகளுக்கு என்று எடுத்து வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. ஆளைக் காணோம். கால்வாயில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கணவர் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். "எங்கம்மாவ எங்கடி விட்ட?" என்று கேட்டார். இருட்டத் தொடங்கியும், கரையோரமாக டார்ச் அடித்துக்கொண்டு இப்போதும் அங்கேதான் கத்திக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு புகார் கொடுக்க இங்கே வந்தேன். நிலைய வாசலில் மேற்பார்வையாளர் என்னை ஓரமாக இழுத்து, "டிரைவர் மேல சொல்லிடு. அட்டையப் பத்தி மூச்சு விடாத. சென்டர மூடினா அத்தன கெழவங்களும் நடுத்தெருவுலதான், உன் பொழப்பும் சேத்துத்தான்" என்றார். அவர் சொன்ன மாதிரியேதான் முதலில் சொன்னேன். முதல் தாளில் 'ஓட்டுநரின் அஜாக்கிரதையால்' என்று எழுதி அடித்திருப்பது அதுதான். அது பொய். எழுத்தர் அதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான், ஆளைக் காணோம் என்று நான் சொன்னதும் நீங்கள் அனுப்பிய மைக் வண்டி வாசல் வழியாகப் போனது. மாமியாரின் பெயரைச் சொல்லி, "எங்கே இருந்தாலும் குரல் கொடுங்கம்மா" என்று அறிவித்துக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் குரல் கொடுக்க மாட்டார் அய்யா. இன்று காலையில் தலை வாரிவிடும்போது நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "இன்னைக்கு உங்க பேரு டீச்சரம்மா. டீச்சரம்மான்னு கூப்பிட்டா மட்டும் கையத் தூக்குங்க. உங்க சொந்தப் பேரச் சொல்லி யார் கூப்பிட்டாலும், உங்க புள்ளையே வந்து கூப்பிட்டாலும், வாயத் திறக்கக் கூடாது. திறந்தா என் வேலை போயிடும்." திரும்பத் திரும்பச் சொன்னேன். மையத்தில் எங்கள் தெருக்காரம்மா ஒருவர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாவற்றையும் மறக்கிறவருக்கு இது மட்டும் மறக்கவில்லை. இப்போதும் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒதுங்கி நின்று, பெற்ற பிள்ளை கத்துவதைக் கேட்டுக்கொண்டே, என் வேலைக்காக வாயை மூடிக்கொண்டிருப்பார்.

மேலே சொன்னது அத்தனையும் சத்தியம். யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, மிரட்டியதை மீறித்தான் சொல்லியிருக்கிறேன். வாசித்துக் காட்டுகிறேன் என்று எழுத்தர் சொன்னார். அதற்கு நேரம் இல்லை, வாசிக்காமலேயே இதோ கையெழுத்துப் போட்டுவிட்டேன். மைக் வண்டிக்குச் சொல்லுங்கள் அய்யா, டீச்சரம்மா என்று கூப்பிடச் சொல்லுங்கள். என் கணவரிடமும் சொல்லுங்கள், ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள்.

(ஒப்பம்)