வீங்கின பெருவிரல்

ஆஸ்பத்திரி வாங்கில் எனக்குப் பக்கத்தில் அக்காவும் தங்கச்சியுமாக இரண்டு குமர்ப்பிள்ளைகள் இருந்தார்கள். தங்கச்சியின் பெருவிரல் வீங்கியிருந்தது.

"கேமில பெருவிரலாலை பட்டனை டக்டக்கெண்டு அமத்தி, என்ரை ஆள் குதிச்ச உடனையே திருப்பி நிலத்துக்குப் பாய விட வேணும் அக்கா. அப்பதான் நிண்டபடி வழுக்கிக்கொண்டு விலகும், அடி படாது."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் பழகுறாய்?"

"ஆயிரம் வரும்."

"டொக்டரிட்டை அப்பிடியே சொல்லு."

"சொன்னா விளையாடாதை எண்டுவார். ஞாயிற்றுக்கிழமை பைனல் அக்கா."

"அப்ப என்னெண்டு சொல்லப்போறாய்?"

"தேங்காய் திருவி வீங்கினது எண்டு."

"தேங்காய் திருவாதை எண்டுவாரே."

"ஓம். அதை நான் ஒழுங்காக் கேட்பன்."

அக்கா தங்கச்சியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நீ எப்பவடி திருவினனீ? நான்தானே திருவுறனான்."

நம்பர் கூப்பிட்டார்கள். "உள்ளதை நானே சொல்லுறன்" என்று அக்காதான் முதலில் எழும்பி உள்ளே போனாள்.