ரிஃபாத் கோபுரம் ஏறிய நாள்

பெருநாளுக்கு மறுநாள் வெளியே கிளம்புவதென்றால், திராட்சை இலைச் சுருளை முந்தின நாளே வேகவைத்து எடுத்து வைத்துவிடுவேன், ஐயா. ஆறினால்தான் அதற்கு ருசி. பூங்கா வாசலில் வீட்டுச் சாப்பாட்டை விடமாட்டார்கள். பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, மேலே மகளுடைய மாற்று உடுப்பை மடித்து வைப்பேன். பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

அன்றைக்கு நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர் ரிஃபாத், பதினைந்து வயது மகள் யாரா, கொழுந்தன் ஆதில், அவன் மனைவி மனால். எங்கள் வீடு இருக்கும் ஷுப்ராவிலிருந்து பாலைவனப் பக்கம் இருக்கும் அந்தப் பூங்காவுக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம். பாதி வழியில் ரிஃபாத் தன் கதையை எடுத்தார்.

"கல்யாணமான புதுசுல இவள அலெக்சாந்திரியாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்னப் பசங்க ஏறுற குடை ராட்டினம். மரக்குதிரை மேல உக்காந்தா, ரெண்டு சுத்து, பொத்துனு விழுந்துட்டா. நாலு வயசுப் பொடியன் ஒருத்தன் ஓடிவந்து, 'பயப்படாதீங்க அத்தை'ன்னு தண்ணி குடுத்தான்."

ஆதில் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தான். மனால் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதை தொடங்கிய காலத்தில் அந்தப் பையனுக்குப் பத்து வயது. வருடத்துக்கு வருடம் குறைந்து நாலுக்கு வந்திருக்கிறான். ராட்டினத்தில் ஏறியபோது நான் இரண்டு மாதம் முழுகாமல் இருந்தேன். அந்தக் கரு தங்கவில்லை. அதை அவர் கதையில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் யார் சிரிப்பார்கள்?

மருத்துவர் லபீப் தொலைபேசியில் பேசியதைப் பற்றிக் கேட்டீர்கள். பேசினார். பெருநாளுக்கு ஐந்து நாள் முன்னால். மூச்சு வாங்குகிறது என்று ரிஃபாத் பரிசோதனைக்குப் போய்வந்திருந்தார். அவர் வேலைக்குப் போயிருந்ததால் மருத்துவர் முடிவை என்னிடம் சொன்னார்.

"இதயத்துக்குப் போற பெரிய ரத்தக்குழாய் முக்கால்வாசி அடைச்சிருக்கும்மா. மாடிப்படிகூட ஏற விடாதீங்க. அதிர்ச்சி எதுவும் கூடாது. பெருநாள் முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரியில சேத்துடணும்."

பெருநாள் சமயத்தில் ஒரு மனிதரை எதற்குக் கலங்க வைப்பது என்று நினைத்தேன். "எல்லாம் நல்லா இருக்காம்" என்றேன். அன்று இரண்டு தட்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

பூங்காவில் ஒரு கோபுரம் இருக்கிறது. இருக்கையோடு மனிதர்களை உச்சிக்குத் தூக்கிக் கொண்டுபோய், சற்று நிறுத்தி, பிறகு சட்டென்று கீழே விழ விட்டுவிடும். ரிஃபாத் அண்ணாந்து பார்த்தார். "கூட்டமா இருக்கு. வேற எங்கயாவது போலாம்" என்றார். நான் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"பயமா இருந்தா பரவால்லங்க. அந்தப் பக்கம் மரக்குதிரை இருக்கு. நாம ரெண்டு பேரும் அங்க போலாம்."

முதலில் ஆதில்தான் சிரித்தான். "அண்ணே, நாங்க தண்ணி வாங்கிட்டு வரவா?" என்றான். ரிஃபாத் வரிசையில் போய் நின்றார். நான் தள்ளிவிடவில்லை. தன் காலால்தான் நடந்து போனார்.

இறங்கி வந்தபோது எல்லாரும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை. நடிக்கிறார் என்று நினைத்து ஆதில் படம்கூட எடுத்தான். பக்கத்து இருக்கையில் யாரா அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே உட்காருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது ஒன்றுதான் கொஞ்சம் சங்கடம். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சின்னப் பெண், சரியாகிவிடுவாள்.

இன்றைக்கு நானாக வந்ததற்குக் காரணம் ஷாபான். அந்தக் கோபுரத்தில் கம்பியை இறக்கிப் பூட்டுகிறவர். உடல்நிலையை விசாரிக்காமல் ஏற்றினார் என்று அவரை உள்ளே வைத்திருக்கிறீர்களாம். நாலு பிள்ளைகளின் தகப்பன். ஒரு மனிதர் செய்யாத தப்புக்கு அவமானப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவர் விசாரித்தார், ஐயா. ரிஃபாத், "எனக்கென்ன, நான் கல்லு மாதிரி" என்றார். ஷாபானுக்கு அது போதவில்லை. வரிசைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பையோடு நின்ற என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, சாருக்கு இதயத்துல கோளாறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"இதயமா? இவருக்கா? அது இருந்தாத்தானேங்க கோளாறு வர்றதுக்கு" என்றேன்.

வரிசையே சிரித்தது. ஷாபான் சிரித்துக்கொண்டே கம்பியைப் பூட்டினார். ரிஃபாத்தும் சிரித்தார். நான் சொன்ன ஒன்றுக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கட்டிய கணவரைச் சிரித்த முகமாக வழியனுப்பினேன், ஐயா. அதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயரோ, எழுதிக்கொள்ளுங்கள்.