சந்தனசாமி தைத்த பின்சீட்டு

தலைமை ஏற்றிருக்கும் வைத்தியலிங்கம் ஐயா அவர்களே, நற்பணி மன்றத்துச் செயலாளர் தம்பி பஞ்சநாதன் அவர்களே, கடலுக்குப் போகாமல் கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் செல்லையன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அக்காள் மகள் மருத்துவச்சி ஞானமேரியே, தாய்மார்களே, பெரியோர்களே!

வெகுநேரம் என்னால் நிற்க முடியாது. முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு இரங்கல் பேசியவன் நான். என் பேச்சைக் கேட்க நாகப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. ஆனால் தோளில் தூக்கி வளர்த்த அக்காள் மகனுக்கே பேசும்படி ஆகும் என்று யார் நினைத்தது? இது முறையா? நான் போய், அவனல்லவா இங்கே நின்று பேசியிருக்க வேண்டும்?

கம்பவுண்டர் சந்தனசாமி! ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த கை அது. ஆனால் இந்த ஊர் அவனை அறிந்தது மருந்தால் அல்ல, மோட்டார் சைக்கிளால். பிரெஞ்சுக்கார அதிகாரி ஒருவர் கப்பல் ஏறும்போது விட்டுப்போன வண்டி. யுத்தத்தில் ஓடிய வண்டி, பெட்ரோல் டாங்கியில் குண்டு பட்ட தழும்பை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவன் அக்காள் ஞானமேரி அதை மாடு முட்டிய பள்ளம் என்பாள். இருக்கட்டும்.

எழுபத்தேழில் அடித்த புயலை மறக்க முடியுமா? அதற்குப் பிறகு நம் கடற்கரைப் பாதைகள் பாதைகளாகவா இருந்தன? ஞானமேரி மதகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு பிசகியதும் அந்த மழையில்தான். அவள் பிள்ளைப்பேறு பார்க்கப் போவதெல்லாம் பஸ் போகாத மீனவர் குப்பம், மணலில் ரிக்ஷா இறங்காது, மாட்டுவண்டி குலுக்கினால் அவளுக்கு உயிர் போய்விடும். ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எப்போது கிளம்ப வேண்டும் என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா? "நான் இனிமே வீட்டோட கெடக்குறேன் தம்பி" என்று அவள் சொன்னாள். மறுநாளே அவன் வண்டியின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டான்.

கடையில் புது சீட்டு வாங்க வசதி ஏது? உடைத்துப் போட்ட பஸ் ஒன்றின் சீட்டிலிருந்து ஸ்பிரிங் எடுத்தான். அந்த யோசனை நான் சொன்னது. அதன் மேல் தேங்காய் நார், அதற்கு மேல் இலவம்பஞ்சு, எல்லாவற்றையும் மூடி ரெக்சின். தைக்கக் கோணி ஊசி. அவளை உட்கார்த்தி வைத்து முதல் நாள் ஓட்டினான். மதகு மேட்டில் ஸ்பிரிங் ஒரே எம்பு! ஞானமேரி ஆகாயத்துக்குப் போய் வந்தாள்.

"டேய், நான் பிள்ள பேறு பாக்கப் போறனா, மோட்சத்துக்குப் போறனா?"

"எறங்குக்கா, கொஞ்சம் கட்டிப் பாக்குறேன்."

"என்னையவா?"

"ஸ்பிரிங்க!"

வலைக் கயிற்றால் ஸ்பிரிங்குகளை இழுத்துக் கட்டினான். எம்பல் அடங்கியது. சேலையோடு ஒருபக்கமாக உட்காருகிறவள் அல்லவா? இடுப்பு சாய வளைகம்பி வைத்து, அதன் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றினான். கால் வைக்கப் பலகை, பலகையில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினான். நடுக்கம் ஏறாமலிருக்க சீட்டு போல்டுக்கு அடியில் லாரி டயர்த் துண்டு. கைப்பிடியைக் குழாய் வைத்து உயர்த்தினான், அவன் குனிந்தால் அவளும் முன்னால் சரிவாளாம். பிறகு ஒரு சொம்பு நிறையத் தண்ணீரைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு திருநள்ளாறு வரை போய் வந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை! பாதிக்கு மேல் சிந்தியது என்று ஞானமேரி தலையை ஆட்டுகிறாள். சிந்தியதோ இல்லையோ, அந்தச் சீட்டில் உட்கார்ந்து அவள் போய்ப் பார்த்த பிள்ளைகளைக் கூட்டினால் இந்த மண்டபம் கொள்ளுமா?

இப்போது மேடைக்குப் பக்கத்தில் பாருங்கள். மாலை போட்டு நிற்கிறதே, அதுதான் அந்த வண்டி. தம்பிமார்கள் அவன் மேல் வைத்த பாசத்தில் புது வண்டியாகவே ஆக்கிவிட்டார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்து, கைப்பிடியைப் பழையபடி தாழ்த்தி, தட்டையான சீட்டு போட்டு, ஒட்டுப்போட்டதையெல்லாம் பிய்த்து மன்றத்துக் கொல்லையில் எறிந்துவிட்டார்கள். மறைந்த தலைவருக்கு மணிமண்டபம் கட்டுவோமே, அந்த மாதிரி! யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

காலையில் ஞானமேரி வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரு வண்டிப்பா இது?"

"அண்ணன் வண்டிதாங்க அக்கா. எப்புடி, பளபளன்னு இருக்குல்ல?" என்றான் பஞ்சநாதன்.

ஏறி உட்காரப் பார்த்தாள். சாய ஒன்றுமில்லை, கால் வைக்க ஒன்றுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். செல்லையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் மகள் அல்லிக்கு மாதம் நிறைந்துவிட்டது. முதல் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போனது உங்களுக்குத் தெரியும். "அத்தாச்சி நாளைக்கு வருவீங்கள்ல?" என்று கேட்டார். இவள் தரையைப் பார்த்தாள். எதற்கும் வாயை மூடாத பெண்!

சபையோரே! சந்தனசாமியின் பணியைத் தொடர்வோம் என்று கை உயர்த்திச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுக் கலைந்து போவதா? அப்படி எத்தனை கூட்டத்தில் கை உயர்த்திவிட்டேன்! கை ஓய்ந்துவிட்டது. அவன் செய்தது என்ன பெரிய பணி? ஒரு பொம்பளைக்கு வலிக்காமல் உட்கார இடம் செய்தான். அதைச் செய்ய நம்மால் முடியாதா? ஓட்ட எனக்கு வயதில்லை, பஞ்சநாதனுக்கு இருக்கிறது. கொல்லையில் எறிந்த நார் மழையில் ஊறிக் கிடக்கும். வேறு நார் இந்த ஊரில் இல்லையா? நாளைக் காலை இந்த வண்டி கிளிஞ்சல்மேட்டுக்குப் போக வேண்டும்.

ஆகவே ஐயா தலைவர் அவர்களே, மௌன அஞ்சலியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி பஞ்சநாதா, மாலையை எடுத்துவிட்டு அந்தச் சீட்டைக் கழற்று. செல்லையன், கயிறு உங்கள் பொறுப்பு.

ஞானமேரி, மெதுவாக எழுந்து வா. உட்கார்ந்து பார்த்து, எங்கே வலிக்கிறது என்று சொல்.