இரண்டு பச்சைக் கதவுகள்

— சத்தியமா சொல்றேம்மா, வேலை முடிஞ்சுடுச்சு.

— எங்கே முடிஞ்சுது? கண்ணைத் திறந்து பாருங்க மேஸ்திரி! நான் ஊருக்குப் போகும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே கிடக்கு தோட்டம். அதே வெடிச்ச சிமெண்ட்டு, அதே பாசி, அதே ஓட்டை வாளி!

— அதாம்மா எனக்கும் தலை சுத்துது. இப்பதானே முதல் தடவையா உங்க முன்வாசல் வழியா வர்றேன். நாங்க வேலை செஞ்ச இடம் இது இல்லையே!

— என்னது?

— பின்சந்து வழியா வாங்க, பச்சைக் கதவுன்னு போன்ல சொன்னீங்க. பச்சைக் கதவைத்தான் தட்டினோம்.

— ஐயையோ! சந்துல ரெண்டு பச்சைக் கதவு இருக்கே! எங்கப்பா பொண்ணுங்க எங்க ரெண்டு பேருக்கும் ஒட்டினாப்புல ரெண்டு வீடு கட்டி, ஒரே பெயிண்ட்டை அடிச்சு வச்சுட்டுப் போயிட்டார்.

— அதை முன்னாடியே சொல்லணும்ல? தினமும் போட்டோ வேற அனுப்பினேன். நீங்களும் பிரமாதம்னீங்க.

— வெறும் தரையை எடுத்து அனுப்பினா அது எந்த வீட்டுத் தரைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்போ என் கல்லு? என் பெஞ்சு? நான் கடை கடையா ஏறி இறங்கி வாங்கின செடியெல்லாம்?

— மதிலுக்கு அந்தப் பக்கம் ஜம்முனு இருக்கு. கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.

— பார்க்க மாட்டேன். அது எங்க அக்கா வீடு. மூணு வருஷமா பேச்சுவார்த்தையே இல்லை.

— அந்தம்மாவா? தங்கமான மனுஷியாச்சே! வேளா வேளைக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க.

— எங்க அக்காவா? உங்களுக்கா? டீயா?

— இஞ்சி தட்டிப் போட்டும்மா. முதல் நாள் யாரு அனுப்பினான்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன். இன்னொரு தடவை பேரைக் கேட்டுட்டு, உள்ளே வாங்கன்னாங்க. அப்படி என்னம்மா சண்டை?

— அவ மரம் என் தோட்டத்துல துளி வெயில் விழ விடலை. அவ ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து, ஆளை விட்டுப் பாதியை வெட்டிட்டேன். அன்னைக்கு நின்ன பேச்சுதான்.

— அப்புறம் எதுக்கும்மா நிழல்ல வளர்ற செடியா வாங்கினீங்க?

— மரம் மறுபடியும் தழைச்சுடுச்சு. இன்னொரு தடவை வெட்ட மனசு வரலை. அதை விடுங்க. போய் எல்லாத்தையும் பேர்த்து எடுத்துட்டு வாங்க, இப்பவே!

— டீ குடிச்ச வாயோட நான் எப்படிம்மா கேட்பேன்? நீங்க ஒரு எட்டு போய்க் கேளுங்க.

— நானா? அவ வாசப்படியை மிதிக்க மாட்டேன்.

— ஏய் குட்டி!

— மேஸ்திரி... யாரு கூப்பிட்டது?

— மேலே பாருங்கம்மா. மதில் மேல தலை தெரியுது.

— என்னடி பேய் அறைஞ்ச மாதிரி முழிக்கிறே? உங்க அக்காதான். நீ அனுப்பின பெஞ்சு மேலதான் ஏறி நிக்கிறேன். நல்ல கெட்டி.

— அக்கா...

— நிழல் செடியாப் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கே. இனிமே மரத்து மேல கை வைக்க மாட்டேன்னுதானே அர்த்தம்?

— அக்கா, அது வந்து...

— மரத்தை வெட்டினதுக்குக் கூட நான் அவ்வளவா அழலைடி. வெட்டினது நீயாச்சேன்னுதான் அழுதேன். சரி, நிஜத்தைச் சொல்லு. நீதான் அனுப்பினியா?

— அம்மா, நான் சொல்றேன், நடந்தது என்னன்னா...

— நீங்க சும்மா இருங்க மேஸ்திரி! ஆமாக்கா. உனக்குன்னுதான் அனுப்பினேன்.

— போடி பொய்க்காரி! கதவு மாறி வந்துட்டாங்கன்னு உன் பேரைச் சொன்னப்பவே தெரியும் எனக்கு. சண்டை போடவாவது நீ வருவேன்னுதான் வாயைத் திறக்காம டீ போட்டுக்கிட்டு இருந்தேன்.